ஏலம் எடுத்தவர் உரிமையாளர் அல்ல

கேள்வி: நிறுவனங்கள் கோடிகோடியாகக் கொட்டி அலைக்கற்றையை, அதாவது செல்பேசிக்கும் இணையத்துக்குமான வான் அலைகளை, ஏலம் எடுக்கின்றன. தங்கள் பொருளைக் கொண்டு சில இணையதளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தால் அதை ஏன் தடுக்க வேண்டும்? ஒன்றுமே இல்லாததற்கு அது மேல் அல்லவா?

பதில்: 'தங்கள் பொருள்' என்கிறீர்களே, அதுதான் தவறு. ஏலத்தில் அவர்கள் வாங்குவது 20 ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. அலைக்கற்றை அவர்களுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. ஏன், அரசுக்கே அது சொந்தமில்லை. 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒளிபரப்பில் ஏகபோகம் கூடாது, அது அரசின் கையில் இருந்தாலும் சரி, வேறு யார் கையில் இருந்தாலும் சரி என்று நீதிபதி ஜீவன் ரெட்டி அந்தத் தீர்ப்பில் எழுதினார். நாம் அதில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தூர்தர்ஷனின் பிடி போனதைக் கொண்டாடினோம், தனியார் பிடியைப் பற்றிச் சொன்னதை மறந்துவிட்டோம்.

நீங்கள் சொல்லும் இலவசம் 2015-லேயே வந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக ஃபேஸ்புக் கொண்டுவந்த அத்திட்டம் பிறகு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறியது. ஃபேஸ்புக் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட தளங்கள்தான் அதில் கிடைக்கும். அதிலும் எல்லாமே அவர்களுடைய சர்வர் வழியாகத்தான் போய்வர வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு சிறு பத்திரிகையோ, நேற்று தொடங்கிய ஒரு சேவையோ என்ன செய்யும்? பக்கத்துத் தளம் இலவசம் என்றால், காசு கொடுத்து இதை யார் திறப்பார்கள்? கையில் காசில்லாதவர் எதைப் படிக்கலாம் என்பதைக் காசுள்ளவர் முடிவு செய்வதை உதவி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் ஏற்கவில்லை. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ல் விதி போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம்.

சரி, அப்படியானால் ஏழைக்கு என்ன வழி? அதற்கும் டிராயே பதில் வைத்திருந்தது. கிராமப்புறச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்பி அளவுக்கு டேட்டாவை இலவசமாகத் தரலாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் பரிந்துரைத்தது. அந்த 100 எம்பியில் எங்கே போவது என்பது பயன்படுத்துபவரின் விருப்பம். இலவசம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

டிராயின் இந்தக் கட்டண விதி எப்போதும் இருக்கும் என்று நம்பியும் உட்கார முடியாது. அமெரிக்காவில் 2015-ல் கொண்டுவந்த இணையச் சமநிலை விதிகளை (எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்தச் சொல்பவை) 2017-ல் எடுத்தார்கள், 2024-ல் மீண்டும் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கேயும் பெரிய இணையதளங்கள் வலையமைப்புச் செலவில் எங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. 2015-ல் இணையச் சமநிலை பற்றி டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. மறுபடி கேட்டால் நீங்களும் ஒன்று எழுதுங்கள்.