லேசருக்குப் பிறகு கறுத்த கன்னம்: வழக்குப் போடலாமா?

கேள்வி: மங்கு போக லேசர் செய்தேன். கன்னம் இரண்டும் முன்பைவிடக் கறுத்துவிட்டது. இப்படி ஆகலாம் என்று மருத்துவர் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. வழக்குப் போடலாமா? - வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் வேதனை புரிகிறது, முகம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் முதலில் வக்கீலிடம் போகாதீர்கள், வேறொரு தோல் நிபுணரிடம் போங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசர் சூட்டுக்குப் பிறகு கருமை படிவது தெரிந்த பக்கவிளைவு, கவனமாகச் செய்தாலும் வரும், பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். அதனால் கருமை மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது. உங்கள் தோலுக்கு அளவு மீறிய சக்தி வைத்தார்களா, ஆபத்தைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்களா, கேள்வி அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் 'நிறமாற்றம்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், வாயால் விளக்கினார்களா என்பதும் முக்கியம்தான்.

சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் மருத்துவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது. அதற்கு நீதிமன்றம்தான், பொதுவாக 3 ஆண்டுக்குள். நிபுணர் அறிக்கைக்கும் வக்கீலுக்கும் ஆகும் செலவு கிடைக்கும் தொகையைத் தாண்டிவிடலாம் என்பதால், கருமை மறையக்கூடியது என்றால் நான் சமரசப் பேச்சையே முதலில் சொல்வேன். நிரந்தரத் தழும்பு என்றால் சரி, தயங்காமல் வக்கீலைப் பாருங்கள்.