பி.எச்டி.: எந்தக் கேள்வி, எந்த லேப், எந்த கைடு?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம் படிக்கிறேன். பி.எச்டி. செய்ய ஆசை. எங்கள் ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்), “இங்கேயே என்னிடம் பதிவு செய்துவிடும்மா, ஃபெலோஷிப்பெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்” என்கிறார். சீனியர்கள் ஜெர்மனிக்குப் போகச் சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் ஐ.ஐ.எஸ்சி., என்.சி.பி.எஸ். போன்ற பெரிய ஆராய்ச்சி நிறுவனங்கள் எனக்கு எட்டுமா என்று தெரியவில்லை. வீட்டிலோ, “எத்தனை வருஷம் ஆகும், கல்யாணத்தை எப்போ பேசுறது?” என்று கேட்கிறார்கள். எந்த வழியில் போவது? ஹெச்.ஓ.டி.யிடம் என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் கல்லூரி, ஊர், நாடு எல்லாம் இருக்கின்றன. உயிரியலில் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. பி.எச்டி. பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கின்றன. நம் வகுப்பறைகளில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேதான் தீரும். பெரிய பெயருள்ள இடத்தில் பிடிக்காத வேலையில் ஐந்தாறு வருஷம் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயரே கேள்விப்படாத ஊரில் நல்ல கைடிடம் (ஆய்வு நெறியாளரிடம்) சேர்ந்து, அருமையாக ஆய்வு செய்து வெளிவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு வருஷப் பாடத்தில், பரீட்சைக்காக இல்லாமல் நீங்களாகவே திரும்பப் போய்ப் படித்த பகுதி எது என்று எழுதுங்கள். ‘கேன்சர் பயாலஜி’ என்று தலைப்பாக எழுதாதீர்கள், கேள்வியாக எழுதுங்கள். ‘காயம் ஆறியதும் செல்கள் பெருகுவதை எப்படி நிறுத்திக்கொள்கின்றன?’ என்பது போல. அந்தக் கேள்விக்கு, உயிரியல், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில், அண்மையில் வந்த ஒரு ரிவ்யூ கட்டுரையை (ஒரு துறையில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வதை) தேடிப் படியுங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களையும், அவர்களில் இந்தியாவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். உங்கள் பட்டியலின் முதல் பக்கம் அதுதான்.

அடுத்தது, அநேகம் பேர் யோசிக்காமலே விட்டுவிடுவது: அந்த லேப் எந்த உயிரியை வைத்து வேலை செய்கிறது? உங்கள் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதுதான்.

பழ ஈ லேபில் சேர்ந்தால், 25 டிகிரி செல்சியஸில் முட்டை முழு ஈயாக வளரச் சுமார் 10 நாள். ஒரு கலப்பு செய்து பலன் பார்க்க இரண்டு வாரம் போதும். தப்பாகிவிட்டால் மறுபடி செய்யலாம். ஆனால் கூட்டைவிட்டு வெளிவந்த பெண் ஈ முதல் எட்டு மணி நேரம் போலத்தான் இணைசேராமல் இருக்கும், அதற்குள் ஆண் ஈக்களிடமிருந்து பிரித்துவிட வேண்டும். ஆகவே காலையில் வந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கார்பன் டை ஆக்சைடில் மயங்கிக் கிடக்கும் ஈக்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் தூரிகை நுனியால் ஒதுக்கிக்கொண்டிருப்பீர்கள். புதிதாக வந்த ஈ வெளிறி இருக்கும், வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். அதைச் சட்டென்று கண்டுபிடிக்கவே கண் பழக வேண்டும். பல வருஷம் இந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன், எனக்கு அது தியானம் மாதிரி. சிலருக்கு ஒரு மாதத்திலேயே வெறுத்துவிடும்.

எலி லேப் வேறு உலகம். சினைக்காலம் 20 நாள் போல, பிறந்த குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக 6 முதல் 8 வாரம். இரண்டு வெவ்வேறு மரபணுக்களும் முழுதாகச் செயலிழந்த எலி வேண்டுமானால், நீங்கள் படித்த மெண்டல் கணக்குப்படி 16 குட்டியில் ஒன்று. ஓர் ஈற்றில் ஆறிலிருந்து எட்டுக் குட்டி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பரிசோதனைக்குத் தேவையான விலங்குகள் சேர்வதற்குள்ளேயே ஒரு வருஷம் ஓடிவிடலாம். நெல்லில் வேலை என்றால் ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு மாதம். காட்டுயிர் ஆய்வு என்றால் வனத்துறை அனுமதியும் பருவகாலமும் உங்கள் காலண்டரை எழுதும். உங்கள் மாவட்டத்துக் களக்காடு முண்டந்துறையிலேயே அப்படிப்பட்ட ஆய்வுகள் நடக்கின்றன. ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி அமைப்புக்கு மணிமுத்தாறில் ஒரு களமையம் உண்டு, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கணினியில் ஆர்வம் இருந்தால், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கம்ப்யூடேஷனல் பயாலஜியில் பி.எச்டி. செய்யலாம்.

தமிழ்நாட்டுக்குள் என்று பார்த்தாலும் பட்டியல் சிறியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், வேலூர் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நல்ல லேபும் உண்டு, சுமாரான லேபும் உண்டு.

இப்போது கைடு. இணையதளத்தில் எல்லா கைடும் நல்லவர்தான். உண்மை தெரிய இரண்டு வழி உண்டு. முதலாவது ஷோத்கங்கா என்ற இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். கைடின் பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகளைத் திறந்து பாருங்கள். அடுத்தடுத்து வந்த மூன்று ஆய்வேடுகள் ஒரே வேலையைச் செடியின் பெயரை மட்டும் மாற்றிச் செய்தவையாக இருந்தால், அங்கே நீங்கள் கற்றுக்கொள்ள அதிகமில்லை. நன்றியுரைப் பக்கத்தையும் விடாதீர்கள். லேபில் உடன் இருந்தவர்களின் பெயர்கள் அங்கே இருக்கும்.

இரண்டாவது வழி, அந்தப் பெயர்களில் ஒருவரிடமோ இப்போது அங்கே இருக்கும் ஸ்காலரிடமோ (பி.எச்டி. மாணவரிடமோ) நேரில் அல்லது போனில் பேசுவது. இதற்குக் கூச்சப்படவே கூடாது. “சார் எப்படி?” என்று கேட்டால் “நல்லவர்” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருஷம் ஆனது? பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, ஏன்? எழுதிக் கொடுத்த பேப்பரை எவ்வளவு நாளில் படித்துத் தருவார்? முதல் பெயர் யாருடையதாக வரும்? ஃபெலோஷிப் பணம் தாமதமானால் (நம் நாட்டில் அது அடிக்கடி நடப்பதுதான்) லேபில் ஏதாவது ஏற்பாடு உண்டா? ஊருக்குப் போக ஒரு வாரம் லீவு கேட்டால் என்ன சொல்வார்? பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் அவர் தயங்கும் நேரத்தைக் கவனியுங்கள். பெண் ஸ்காலர் ஒருவரிடம் தனியாகவும் பேசிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஃபெலோஷிப் இல்லாமல் முழுநேர பி.எச்டி.யில் சேராதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை உதவித்தொகை ஆனதும் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. வீட்டில் கைநீட்டாமல் வாழலாம் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். தரும் ஜே.ஆர்.எஃப். உங்கள் பெயரில் இருக்கிறது, அதை நீங்கள் சேரும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். பணத்தோடு வருகிற மாணவி கைடைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கைடின் ஆராய்ச்சித் திட்டப் பணத்திலிருந்து தரும் பிராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். அப்படி இல்லை, பிராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. பி.எச்டி. பதிவு உறுதி என்று எழுத்தில் இல்லாமல் பிராஜெக்டில் வருஷக்கணக்காக இருந்துவிடாதீர்கள்.

தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். வாங்க எழுத வேண்டிய நெட் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை. லைஃப் சயின்ஸில் மொத்தம் 200 மதிப்பெண், அதில் 100 சி பிரிவில் இருக்கிறது. அங்கே 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், ஆனால் தப்புக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படிப்பவரைவிட, பாதியை ஆழமாகப் படித்தவர்தான் அதில் ஜெயிப்பார். என்.சி.பி.எஸ்ஸுக்கு, மும்பையின் டி.ஐ.எஃப்.ஆர். ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் ஜெகீபில்ஸ் என்ற தனித் தேர்வு, வழக்கமாக டிசம்பரில். அங்கே சேர்ந்தால் ஃபெலோஷிப்பை நிறுவனமே தரும். ‘எட்டுமா’ என்று கேட்டீர்கள். நேர்முகத்தில் அவர்கள் கல்லூரிப் பெயரைத் தோண்டுவதில்லை, நீங்கள் செய்த பிராஜெக்டைத்தான் தோண்டுவார்கள். ‘இந்தக் கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி) எதற்கு வைத்தாய்?’ என்ற ஒரு கேள்வியில் பலர் விழுந்துவிடுகிறார்கள். கடைசி செமஸ்டர் பிராஜெக்டைக் காசு கொடுத்து வெளியே செய்து வாங்காமல், உங்கள் கையாலேயே செய்யுங்கள்.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் இருக்கும் எம்பல் என்ற ஐரோப்பிய உயிரியல் ஆய்வகம், மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் சர்வதேசப் பள்ளிகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன, உதவித்தொகையோ சம்பளமோ தருகின்றன. நல்ல வழிதான். அமெரிக்காவில் முதல் வருஷம் இரண்டு மூன்று லேபில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு கைடைத் தேர்வு செய்யலாம், அது பெரிய வசதி. கல்விக் கட்டணமும் இல்லை, உதவித்தொகையும் உண்டு. ஆனால் 2025-இல் அங்கே ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டதால் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். எந்த நாடானாலும் உயிரியல் பி.எச்டி.க்குக் கல்விக் கடன் வாங்கச் சொல்லும் ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்கு நேரடியாகவே பதில் சொல்லுங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷச் சலுகையும் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. உயிரியலில் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றில் முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, நான்காம் வருஷம் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கல்யாணம் செய்துகொண்டும் பி.எச்டி. முடித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வரப்போகிறவரிடம் முதல் பேச்சிலேயே, லேபுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஹெச்.ஓ.டி. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். நல்ல மாணவி கையைவிட்டுப் போகக் கூடாது என்று எந்த ஆசிரியரும் நினைப்பார். பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம் என்பது விதி. அவரிடம் இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். ஷோத்கங்காவில் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளையும் பார்த்துவிடுங்கள். அவை நன்றாக இருந்து, உங்கள் கேள்வியும் அவர் வேலையும் பொருந்தினால், ஜே.ஆர்.எஃப்.ஓடு அவரிடமே சேருவதில் தப்பே இல்லை.

அதுவரை அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “சார், நெட்டும் ஜெகீபில்ஸும் ஒரு தடவை எழுதிப் பார்த்துடறேன். ஃபெலோஷிப் கையில வந்ததும் உங்களைத்தான் முதல்ல வந்து பார்ப்பேன். அதுக்குள்ள அப்ளிகேஷன் போட வேண்டியிருந்தா, நீங்கதான் சார் எனக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் தரணும்.” எங்கே விண்ணப்பித்தாலும் இரண்டு மூன்று ரெஃபரன்ஸ் கேட்பார்கள், இரண்டு வருஷம் உங்களை வகுப்பில் பார்த்தவர் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. கடைசி நாளில் போய் நிற்காமல், குறைந்தது ஒரு மாதம் முன்பே, உங்கள் பிராஜெக்டில் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள்.