தாராபுரத்திலிருந்து தாவரவியலாளர் ஆவது எப்படி?

கேள்வி: எங்க அம்மணி பிளஸ் டூ முடிக்கப்போறா. காட்டு மரம், செடிகொடியை ஆராயுற தாவரவியலாளர் ஆகணும்னு சொல்றா. தாராபுரம் பக்கம் இருக்கோம். அந்த வேலை நெசமா எப்படிப்பட்டது? அதை வெச்சுப் பொழைக்க முடியுமா?

முடியுங்க. டிகிரி, தேர்வு பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்க்கும் சொத்து, சுமார் 42 × 28 சென்டிமீட்டர் தடித்த தாளில் தைத்த காய்ந்த செடியும், அந்தத் தாளின் கீழ் வலது மூலையில் உள்ள லேபிளும்தான். கட்டுரையோ, புது இனத்தின் பெயரோ, காட்டைக் காக்கச் சொல்லும் அறிக்கையோ எதுவானாலும் அந்தத் தாளைச் சாட்சியாக வைத்தே நிற்கிறது. அதை ஒழுங்காகச் செய்யக் கற்ற பிள்ளைக்கு மற்றதெல்லாம் பின்னால் வரும்.

இதைக் கற்கக் கொங்கு நாட்டை விட வசதியான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து. இப்படிக் காய்ந்த செடித் தாள்களைச் சேர்த்துக் காக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். மெட்ராஸ் ஹெர்பேரியம் பெயரில்தான் மெட்ராஸ்; 1909இலேயே கோவைக்கு வந்துவிட்டது. இப்போது வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கிறது. 1842 முதல் சுமார் பத்தாண்டுகள் கோவையில் பருத்திச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்த டாக்டர் ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படத்தாள்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். இன்றைக்கும் இனம் காண அந்தப் படங்களைப் புரட்டுகிறோம். பெண் பிள்ளை என்பதால் தயக்கம் இருந்தால், இ.கே. ஜானகி அம்மாளைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்க. 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புற்களோடும் கலப்பினம் செய்து குரோமோசோம்களை எண்ணியவர் அவர். பிறகு இங்கிலாந்தில் சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். பூவோ காயோ உள்ள கிளையாக எடுக்க வேண்டும். வெறும் இலையைத் தைத்து வைத்தால் பெரும்பாலும் பயன் இல்லை. ஒரே செடியிலிருந்து, ஒரே நாளில், நான்கைந்து பிரதிகள் எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே சேகரிப்பு எண் போட வேண்டும். அந்த எண் 1இல் தொடங்கி ஆயுள் முழுக்கத் தொடர்ந்து போகும். வருஷா வருஷம் மறுபடி 1 என்று ஆரம்பிப்பவர்களின் மாதிரிகளை இருபது வருஷம் கழித்து யாராலும் பிரித்தறிய முடியாது. புல்லை வேரோடு பிடுங்க வேண்டும். தாளைவிட நீளமானால் வெட்டாமல் 'வி' போலவோ 'என்' போலவோ மடிக்கலாம். சில இலைகளைத் திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். நரம்பும் ரோமமும் அங்கேதான் இருக்கும்.

செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, மேலும் கீழும் மைஒற்றுத்தாள் வைத்து, மரச்சட்டப் பிரஸில் இறுக்கிக் கட்ட வேண்டும். 24 மணி நேரம் கழித்து முதல் தடவை தாள் மாற்றும்போது செடி துவண்டிருக்கும். கோணிய இலையை நிமிர்த்த அதுதான் நல்ல சமயம். முதல் நான்கு நாள் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால் ஏழு முதல் பத்து நாளில் காய்ந்துவிடும். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கள்ளிமுளையான் போன்ற சதைச் செடிகள் பிரஸுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு கிடந்து, பூவை உதிர்த்துவிடும். அவற்றைக் கொதிநீரில் முக்கி, தண்டை நீளவாக்கில் பிளந்து வைத்தால் அடங்கும்.

வால்பாறையில் ஆடி மாதம் இந்த வேலையெல்லாம் நடக்காது. இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். அங்கே செய்தித்தாள் கட்டை அப்படியே கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, தாள் நனையும் அளவு ஸ்பிரிட் ஊற்றி, காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். கீழே இறங்கியபின் காயவைத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு நஷ்டம் உண்டு: பூவின் நிறம் போய்விடும், டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஆகவே ஸ்பிரிட் ஊற்றும் முன்பே நிறத்தை நோட்டில் எழுதி, இளம் இலைத் துண்டைத் தனி ஜிப் பையில், இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவிட வேண்டும்.

லேபிளில் 'வால்பாறை' என்று மட்டும் எழுதுவது பாதி வேலை. எந்த எஸ்டேட்டை ஒட்டி, எந்த ஓடைக் கரை, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், ஜி.பி.எஸ். எண், தேதி, மரத்தின் உயரம், பட்டையின் நிறம், வெட்டினால் வடியும் பால், நசுக்கினால் வரும் வாசனை என்று, காய்ந்தபின் தெரியாமல் போகும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அன்று இரவே எழுதிவிடணுங்க. மறுநாள் அடுத்த காட்டின் ஞாபகம் வந்து இதை மூடிவிடும்.

பூச்சிக்கு: முன்பு மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் முக்குவார்கள். அது கொடிய விஷம், மாணவர்கள் தொடவே கூடாது. இப்போது மாதிரிகளைப் பாலிதீனில் இறுகக் கட்டி, மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஒரு வாரம் வைக்கிறார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். அறைச்சூட்டுக்கு வந்தபிறகு பிரிக்க வேண்டும். எந்த ஹெர்பேரியமானாலும் பழைய தாள்களைக் கையுறையோடு புரட்டட்டும். அந்த விஷம் தாளிலேயே தங்கியிருக்கும்.

மழைக்காட்டில் பெரும்பாலான மரங்கள் பூக்காமல், 30 மீட்டர் உயரத்தில் இலையோடு நிற்கும். தொரட்டிக் கம்பு எட்டாது. கீழே விழுந்த இலையும் பட்டையில் சிறு கீறலுமே துணை. பட்டையில் சிவப்பு நீர் வடிந்தால் ஜாதிக்காய்க் குடும்பத்தை முதலில் நினைக்கலாம். மஞ்சள் பால், எதிரெதிர் இலை என்றால் கொடம்புளியின் குடும்பம். எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே சிறு செதில் இருந்தால் காப்பிச் செடியின் குடும்பம். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிக்குத்துப் புள்ளிகள் தெரிந்து, எலுமிச்சை வாசமும் வந்தால் நாரத்தைக் குடும்பம். இந்தக் கைப்பழக்கம் புத்தகத்தால் வராது. பத்து வருஷம் ஆகும், அந்தப் பத்து வருஷமும் வீணல்ல.

படிப்பு என்றால் பி.எஸ்சி. தாவரவியல் மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. பெரும்பாலும் ஐந்து ஆகிவிடும். கோவையில் அரசு கலைக் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் துறை இருக்கிறது. எம்.எஸ்சி.யை ஒட்டி சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதலான விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. காட்டை நேசிக்கும் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். அந்தத் தேர்வின் உயிர் அறிவியல் வினாத்தாளில், செடிகளை இனம் பிரிக்கும் வகைப்பாட்டியல் சிறு பங்கு. செல், மூலக்கூறு, மரபியல்தான் அதிகம். பி.எஸ்சி. முதல் வருஷத்திலேயே உயிர்வேதியியலை விரட்டிப் படிக்க வேண்டும்.

நிரந்தர வேலை குறைவு என்பதை மறைக்க மாட்டேன். தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி பதவிகள் யு.பி.எஸ்.சி. வழியாக வரும், அடிக்கடி வராது. கல்லூரி ஆசிரியர் பணி, கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம், சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுகள், காடு மீட்பு வேலை ஆகியவை மற்ற வழிகள். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளில் நாட்டு மரங்களை மீண்டும் நடுகிறார்கள். அந்த நாற்றங்காலுக்கு மரம் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும். ஆயினி, நாவல் விதைகளைச் சோளம்போல் காயவைத்துச் சேமித்தால் செத்துவிடும். பழம் விழுந்த சில நாளுக்குள் ஊன்றியாக வேண்டும். எந்த மரம் எந்த மாதம் உதிர்க்கும் என்று அறிந்தவருக்குத்தான் அந்த வேலை கைவரும்.

ஒரு எச்சரிக்கை: ஆனைமலைப் புலிகள் காப்பகமோ சத்தியமங்கலமோ, வனத்துறையின் எழுத்துமூல அனுமதியில்லாமல் ஒரு கிளைகூட ஒடிக்கக் கூடாது. அனுமதி கிடைக்க மாதக்கணக்காகலாம். பூக்கும் பருவத்தைக் கணக்கிட்டு முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துக் கொறங்காடே, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலமே, நல்ல பாடசாலை. நடுவே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி, வேலியில் படர்ந்த கொடிகள். காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, ஐப்பசி மழைக்குப் பின் முதல் இருபது எண்களை அங்கே போடட்டும். மரங்களில் மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. முள்ளிலவு மாசியில் இலையே இல்லாமல் பூக்கும். இலை பிறகுதான் வரும். அப்படிப்பட்ட மரத்தில் அலுமினியத் தகட்டில் எண்ணைப் பொறித்து, ஆணி அடிக்காமல், கம்பியில் தளர்வாகக் கட்டிவிட்டு, இலை வந்தபின் அதே மரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இரண்டாவது சேகரிப்புக்குப் புது எண். இரண்டு லேபிளிலும் மற்ற எண்ணைக் குறிக்க வேண்டும்.