இரக்கப்படுவதும் இரக்கம் செய்வதும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம். தென்காசிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள் நான். பெயர் போட வேண்டாம்.

என் அப்பா பெரிய குடிகாரர். அம்மாவை அவர் அடிக்காத வாரமே இல்லை. ஒருநாள் விறகுக்கட்டையால் அடித்ததில் அம்மாவின் கை ஒடிந்தது. கடைசிவரை அந்தக் கையால் தண்ணீர்க்குடம் தூக்க முடியாது. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான்கு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறார். மதினி ஒருத்தியால் பார்க்க முடியவில்லை. "உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்கிறார்கள். எனக்கு வயதுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகள். அவர் வாய் இன்னும் அடங்கவில்லை, அதே கெட்ட வார்த்தைகள்தான்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில், "பெத்த தகப்பன்மேல இரக்கம் இல்லாம நீயெல்லாம் என்ன கிறிஸ்தவ?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். போன வாரம் போனேன். ஈரத்தில் கிடந்தார். துடைத்து, வேட்டி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு வந்தேன். ஆனால் மனதில் ஒன்றுமே இல்லை அண்ணா, கல் மாதிரி இருந்தது. அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று பவுல் சொல்கிறாரே. அப்படியானால் நான் செய்தது வேஷம்தானா? அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை வீட்டில் என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். வேட்டி மாற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியது.

நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வருகிறோம். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை இரண்டு பேர் கண்டும் விலகிப்போக, அந்நியனான சமாரியன் ஒருவன் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறான். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் அந்தக் கதை முடியும் இடத்தை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்கு யார் பிறன், அதாவது அயலான், என்று இயேசு கேட்கிறார். அவரிடம் பேசிக்கொண்டிருந்த நியாயசாஸ்திரி, அதாவது வேதச் சட்டம் கற்றவன், சொல்லும் பதில்: "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே." நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் 'செய்தவன்' என்றுதான் வருகிறது. நாம் பேச்சில் 'இரக்கப்படு' என்போம். அது மனதுக்குள் நடப்பது. 'இரக்கஞ்செய்' என்பது கையால் நடப்பது. "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று இயேசு அனுப்புவதும் இந்தச் செய்கைக்குத்தான்.

சமாரியன் 'மனதுருகி' வந்தான் என்றும் வசனம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் வழியில் கிடந்தவன் சமாரியனுடைய தாயின் கையை ஒடித்தவன் இல்லை. முன்பின் தெரியாத ஒருவன். அவனைப் பார்த்து மனம் உருகுவது எளிது. உங்களிடம் கேட்கப்படுவது வேறு, அதைவிடக் கடினமானது. அதற்கு வேதம் வேறு வசனங்களை வைத்திருக்கிறது. உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு, தாகமாயிருந்தால் பானங்கொடு என்கிறது ரோமர் 12. சோறும் தண்ணீரும், அவ்வளவுதான். யாத்திராகமம் 23-இல் இன்னும் தெளிவாக இருக்கிறது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடப்பதைக் கண்டால் அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிடு என்கிறது. அந்த மனிதனைப் பிடித்திருக்க வேண்டும் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

பவுல் சொன்னதற்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 13-இல் அன்பு எனக்கிராவிட்டால் என்ற வசனத்தோடு நிறுத்திவிடாமல் அடுத்த வசனங்களையும் படியுங்கள். அன்பு என்றால் என்ன என்று அங்கே அவரே சொல்கிறார். நீடிய சாந்தமும் தயவும் உள்ளது, அயோக்கியமானதைச் செய்யாது, சினமடையாது. எல்லாமே ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றியவை. ஈரத்தில் கிடந்த மனிதரிடம், கையை ஓங்கிய மனிதரிடம், நீங்கள் சினமடையாமல் நடந்துகொண்டீர்கள். சொல்லிக்காட்டவில்லை. அவர் அம்மாவுக்குச் செய்ததைத் திருப்பிச் செய்ய அந்தத் திண்ணையில் உங்களுக்கு எல்லா வசதியும் இருந்தது. துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு வந்தீர்கள். இதை வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் ஆச்சியின் நினைவு வந்தது. அவளுடைய கொழுந்தன் ஒருவர் கைநாட்டு வாங்கி அவளது வயலை எழுதிக்கொண்டவர். முதுமையில் பிள்ளைகள் கைவிட, தினமும் மத்தியானம் எங்கள் வாசலில் வந்து உட்காருவார். ஆச்சி கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள், முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். "கோவம் இருந்தா ஏன் ஆச்சி சோறு போடுத?" என்று சின்ன வயதில் கேட்டேன். "அவன் செஞ்சதுக்கு அவன் கர்த்தர்ட்ட பதில் சொல்லுவான். கஞ்சி ஊத்தலேன்னா நாம்லா சொல்லணும்" என்றாள். அவர் சாகும்வரை ஆச்சி அவரிடம் பேசவில்லை. கஞ்சியும் ஒருநாள் தவறவில்லை.

அடுத்தது, அவரை வீட்டுக்கு அழைத்துவரும் விஷயம். இதில் உங்கள் சங்கத்துப் பெண்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1 சாமுவேல் 24 பாருங்கள். தாவீதைக் கொல்ல அலையும் சவுல் ராஜா எங்கேதி வனாந்தரத்துக் கெபியில், அதாவது குகையில், தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு அவனை விட்டுவிடுகிறான். சவுல் "என் குமாரனாகிய தாவீதே" என்று சத்தமிட்டு அழுகிறான். உருக்கமான இடம். ஆனால் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் சவுல் தன் வீட்டுக்குப் போகிறான், தாவீதும் அவன் மனுஷரும் அரணான இடத்துக்கு ஏறிப்போகிறார்கள். அவன் அழுததை நம்பிக் கூடவே போகவில்லை. போகாததும் நல்லதாயிற்று, 26-ஆம் அதிகாரத்தில் சவுல் மறுபடியும் மூவாயிரம் பேரோடு தேடி வருகிறான். தாவீது இரக்கம் செய்யவில்லை என்று யாராவது சொல்வோமா?

"எல்லாவற்றையும் மறந்துவிடு" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஒரு கும்பல் அவருடைய கணவர் கிரகாமையும் 10 வயது பிலிப்பையும் 6 வயது தீமோத்தேயுவையும் வண்டியோடு கொளுத்தியது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப்பின் ஐந்து வருடம் பாரிபடாவிலேயே தங்கி தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்தினார். அதே சமயம் வழக்கும் நடந்தது, 2003-இல் தீர்ப்பும் வந்தது. அந்த மன்னிப்பு, கொலையைக் கொலை இல்லை என்று ஆக்கவில்லை. உங்கள் அம்மாவின் கை ஒடிந்தது உண்மை. அதைக் கர்த்தருக்கு முன்னால் சொல்லி அழ உங்களுக்கு உரிமை உண்டு. சங்கீதப் புத்தகத்தில் எத்தனையோ சங்கீதங்கள் அப்படிப்பட்ட அழுகைதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சமாரியன் அன்று ராத்திரி மட்டும் கூட இருந்தான். மறுநாள் இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரத்தான் கையில் கொடுத்து "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். இரண்டு பணம் என்பது அன்றைக்கு ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். கூடுதல் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். பார்த்துக்கொள்ள இன்னொருவரை ஏற்பாடு செய்ததும் அந்த இரக்கத்துக்குள்தான் வருகிறது. இதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

உங்கள் சத்திரத்தான் யார் என்று பார்ப்போம். அண்ணனும் நீங்களும் பணம் பங்கிட்டு, பகலில் சில மணிநேரம் உதவிக்கு ஊரிலேயே ஒருவரை வையுங்கள். மதினிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், அவள்மேல் யாரும் இரக்கப்பட்டதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம் அது. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் தருகிறார்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். வாரத்தில் ஒருநாள் நீங்கள் போனால் போதும். மனம் கல்லாகவே இருந்தாலும் போங்கள். கெட்ட வார்த்தை அளவு மீறினால் எழுந்து வந்துவிடுங்கள், அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம். சங்கத்தில் அடுத்த முறை யாராவது கேட்டால், வாரம் ஒருத்தியாக முறை வைத்து உங்களோடு திண்ணைக்கு வரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்று அவர்களாகக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அண்ணனிடம் பணப் பங்கீட்டை இந்த வாரமே பேசிவிடுங்கள், மதினியும் பக்கத்தில் இருக்கட்டும். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.