மூவாயிரம் ரிங்கிட் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் செபராங் பிறையில் ஒரு பழைய தோட்டத்து ஓரமாக இருக்கிறோம். ஆடும் மாடும் வளர்க்கிறேன். கொட்டகை இருக்கும் நிலம் டிஓஎல் (ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அரசு நிலத் தற்காலிக உரிமம்). சற்றுத் தள்ளி ஒரு குப்பைக் கிடங்கு. பெரிய மழை பெய்தால் அங்கிருந்து வரும் கானில் (வடிகாலில்) தண்ணீர் கறுப்பாக, நுரை கட்டி, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு ஓடுகிறது. போன நவம்பர் மழையில் ஒரே வாரத்தில் நான்கு ஆடுகள் செத்தன. புதைத்துவிட்டோம். கிணற்றுத் தண்ணீரும் மஞ்சளாகிவிட்டது. கவுன்சிலுக்குப் போய் வாய்மொழியாகப் புகார் சொன்னேன். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். இப்போது கிடங்கை நடத்தும் கம்பெனி ஆள் வந்து, சாகுஹாத்தியாக (அன்பளிப்பாக) 3,000 ரிங்கிட் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு மலாய்க் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார். மகன் வேண்டாம் என்கிறான். மனைவி கிடைப்பதை வாங்கிக்கொள் என்கிறாள். என்ன செய்வது?

பதில்:

ஐயா, கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மகன் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் மனைவி சொல்வதையும் நான் தள்ளமாட்டேன். நான்கு ஆடு போன வீட்டுக்கு 3,000 ரிங்கிட் சின்னப் பணம் இல்லை. (ஊர்ப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து நீக்கியிருக்கிறேன்.)

நீங்கள் அனுப்பிய மலாய்க் கடிதத்தின் படத்தில் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். ‘பெஞெலெசாயான் பெனு டான் முக்தாமாட்’ என்று இருக்கிறது. முழுமையான, இறுதியான தீர்வு என்று பொருள். அதற்கு அடுத்த வரி, பணத்தை வாங்கிய பிறகு, இதுவரை நடந்தது, இனி நடப்பது எதற்காகவும் கம்பெனியிடமோ கவுன்சிலிடமோ எதுவும் கேட்கமாட்டேன் என்று உங்களைச் சொல்ல வைக்கிறது. ஆடு மட்டும் இல்லை. கிணறு, வீட்டில் உள்ளவர்களின் உடல்நலம், அடுத்த மழையில் வரப்போகும் தண்ணீர், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விடும். மேலே சாகுஹாத்தி என்று போட்டிருப்பதால் இது வெறும் அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 64-ஆவது பிரிவில் சட்டமே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறது: ஒருவர் 5,000 ரிங்கிட் தரவேண்டும், முழுக் கடனுக்கும் ஈடாக 2,000 ரிங்கிட்டை மற்றவர் ஏற்றுக்கொள்கிறார், மொத்தக் கடனும் அதோடு தீர்ந்தது. அவசரத்தில் போட்டேன், மலாய் சரியாகப் புரியவில்லை என்று பிறகு சொல்லி இதிலிருந்து வெளியே வருவது மிகக் கடினம்.

பணம் உடனே தேவை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இறந்த நான்கு ஆடுகளுக்கான முன்தொகையாக மட்டும் இதைப் பெற்றுக்கொள்கிறேன், என் மற்ற உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று வேறொரு கடிதம் எழுதி, அதற்கு அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வாங்கலாம். பெரும்பாலும் சம்மதிக்கமாட்டார்கள். சம்மதிக்காததே அந்தப் பணம் எதற்காக என்பதைச் சொல்லிவிடும்.

சரி, அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு வருவோம். குப்பைக்குள் இறங்கும் மழைநீரும், குப்பை அழுகும்போது விடும் நீரும் கலந்து அடியில் தேங்குவதைத்தான் லீச்சேட் என்கிறார்கள். முறையான கிடங்கில் அடியில் நீர் இறங்காத விரிப்பு இருக்கும். அதன் மேல் குழாய்கள் இருக்கும். அவை லீச்சேட்டைக் குளங்களுக்குக் கொண்டுபோகும். அங்கே காற்றூட்டி, நுண்ணுயிர்களை வைத்துச் சிதைத்து, ரசாயனம் போட்டு அழுக்கைப் படியவைத்து, அதற்கும் மேல் வடிகட்டி, அப்புறம்தான் வெளியே விடவேண்டும். மழைக்காலத்தில் குளம் நிரம்பி வழிவது இந்தத் தொழிலின் பழைய நோய். பினாங்கில் மழை பெய்யும் என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. அதற்குத் தகுந்த அளவில் குளம் கட்டிப் பராமரிப்பது நடத்துபவரின் கடமை. ‘எதிர்பாராத மழை’ என்று அவர்கள் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

இதற்கென்றே தனி விதிமுறைகள் இருக்கின்றன. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், குப்பைக் கிடங்குகளுக்கும் குப்பை மாற்று நிலையங்களுக்கும் 2009-இல் விதிமுறைகள் வந்தன. வெளியே விடும் லீச்சேட்டில் என்னென்ன எவ்வளவு இருக்கலாம் என்று அதில் அட்டவணையே உண்டு. ஒரு லிட்டரில் அம்மோனியா நைட்ரஜன் 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) 20, சிஓடி (அதையே ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 400, மிதக்கும் திடப்பொருள் 50. ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. சுத்திகரிக்காத லீச்சேட்டில் அம்மோனியா நைட்ரஜன் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டுவது உண்டு. அதனால் அளவு மீறியதா என்பதை ஒரு பாட்டில் தண்ணீர் சொல்லிவிடும். எல்லை மீறி, உரிமமும் இல்லாமல் நீர்நிலையில் விட்டால் அது அந்த 1974 சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ்க் குற்றம். 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை போகும். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. கம்பெனி செய்த குற்றத்துக்கு அதன் இயக்குநரும் மேலாளரும் பதில் சொல்லவேண்டிவரும் என்று 43-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தக் குற்றவழக்கை நீங்களோ நானோ தொடுக்க முடியாது. அரசு வழக்கறிஞரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அதனால்தான் ஜாஸ், அதாவது சுற்றுச்சூழல் துறை, உங்களுக்கு முக்கியம்.

கவுன்சிலிடம் சொன்னேன் என்கிறீர்கள். அது தவறில்லை. கோலாலம்பூரில் திடக்கழிவு நிர்வாகம் 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசிடம் போய்விட்டது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. இங்கே குப்பை இன்னும் ஊராட்சியின், அதாவது கவுன்சிலின், பொறுப்புதான். ஆனால் வாய்மொழிப் புகார் சொல்லாத புகார் மாதிரி. இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள். ஒன்று கவுன்சிலுக்கு, ஒன்று ஜாஸுக்கு. பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இணையத்தில் கொடுத்தால் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். எழுத்தில் வந்த புகாரைக் கிடப்பில் போட்டால் அதற்கு அவர்கள் பின்னால் பதில் சொல்லியாகவேண்டும்.

இனி ஆதாரம். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். நாற்றத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது. காய்ந்த நாளில் எடுத்த தண்ணீரில் ஒன்றும் இருக்காது. மழை ஊற்றி, கான் கறுத்து ஓடும்போதே எடுக்கவேண்டும். கிடங்குத் தண்ணீர் கானில் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கிணற்றில் ஒன்று என்று மூன்று இடத்தில் எடுங்கள். மேலே சுத்தமாக இருந்து கீழே கெட்டிருந்தால்தான் அழுக்கு எங்கிருந்து வந்தது என்று காட்டமுடியும். ஒரே ஒரு பாட்டிலை நீட்டினால், மேலே இருக்கும் பன்றிப் பண்ணையிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ வந்தது என்று அவர்கள் வக்கீல் சொல்லிவிடுவார். நீங்களே மினரல் பாட்டிலில் பிடித்துவைத்த தண்ணீருக்கு மதிப்புக் குறைவு. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வுக்கூடத்தை முன்கூட்டியே பேசிவைத்து, அவர்கள் ஆளே வந்து அவர்கள் பாட்டிலில் எடுத்து, முத்திரை வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோகட்டும். பிஓடி சோதனையை இரண்டு நாளுக்குள் தொடங்கியாகவேண்டும். நாள் கடந்த பாட்டிலில் வரும் எண்ணை யாரும் நம்பமாட்டார்கள். அம்மோனியா நைட்ரஜன், சிஓடி, உலோகங்கள் இவற்றைக் கட்டாயம் கேளுங்கள். பழைய குப்பையின் நீரில் பிஓடி குறைந்துபோயிருக்கும், ஆனால் அம்மோனியா பல ஆண்டுகள் குறையாமல் நிற்கும். பிஓடி மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சொன்ன அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி நடக்கவேண்டாம். மகனை விட்டு அன்றைய தேதி, நேரம், மழை எல்லாம் தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஜாஸ் அதிகாரியும் அதே சமயம் வந்து மாதிரி எடுத்தால் இன்னும் நல்லது. மழை தொடங்கியதும் கூப்பிடுங்கள், மறுநாள் கூப்பிட்டுப் பயனில்லை.

ஆடுகளைப் புதைத்துவிட்டீர்கள், அந்த நான்கின் சாவுக்குக் காரணம் காட்டுவது கஷ்டம்தான். முடியாது என்று சொல்லமாட்டேன். ஒரே வாரத்தில் செத்தது, எங்கே தண்ணீர் குடித்தது, வாயில் நுரை வந்ததா, பார்த்த அண்டைவீட்டார் யார் என்று இன்றே எழுதிவையுங்கள். இனி ஒரு பிராணி செத்தாலும் புதைக்காதீர்கள். உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். புக்கிட் தெங்காவிலேயே அவர்களுடைய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே அறுத்துப் பார்த்து எழுதும் அறிக்கைக்கு நீதிமன்றத்தில் மரியாதை உண்டு. கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கவேண்டாம், சமைக்கவும் வேண்டாம். வாங்கும் தண்ணீருக்கு ரசீதைச் சேர்த்துவையுங்கள், அதுவும் உங்கள் நஷ்டம்தான். பேரப்பிள்ளைகளுக்குச் சொறி, வயிற்றுப்போக்கு என்றால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) காட்டிப் பதிவாகட்டும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. பினாங்கு மாநிலத்துக்கென்று தகவல் சுதந்திரச் சட்டம் ஒன்று 2015 முதல் நடப்பில் இருக்கிறது. கிடங்கு ஒப்பந்தம், பராமரிப்பு அறிக்கை போன்றவற்றைக் கவுன்சிலிடம் அதன்கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம். ஜாஸ் மத்திய அரசுத் துறை, அதற்கு இது பொருந்தாது. அவர்கள் கையில் இருப்பதை வழக்கு தொடங்கியபின் நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம்.

எதற்காக வழக்குப் போடுவது? கவனக்குறைவு, தொல்லை (அடுத்தவர் தன் நிலத்தை அனுபவிப்பதைக் கெடுப்பது), அப்புறம் ‘ரைலண்ட்ஸ்’ விதி என்ற, 1868-ஆம் ஆண்டின் பழைய இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றில் வந்த சட்டம்: ஆபத்தானதைத் தன் நிலத்தில் சேர்த்துவைத்தவர், அது தப்பிப்போய்ச் செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு. 1993 டிசம்பரில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. தோல் பதனிடும் ஆலையின் கரைப்பான் நிலத்தடியில் போய் ஒரு குடிநீர்க் கிணற்றைக் கெடுத்தது. இப்படி ஆகும் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்பதால் தண்ணீர்க் கம்பெனி தோற்றது. உங்கள் விஷயத்தில் அந்த வாதம் எடுபடாது என்பது என் உறுதியான கருத்து. லீச்சேட் வெளியேறினால் கெடுதல் என்று தெரிந்துதானே 2009-இல் விதிமுறையே எழுதினார்கள்?

டிஓஎல் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தொல்லை வழக்கு நிலத்தில் உரிமையோ தனி அனுபவமோ உள்ளவருக்குத்தான் என்று 1997-இல் அதே சபை சொன்னது உண்மை. எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் எடுக்கும். ஆனால் நீங்கள் அரசாங்க அனுமதியோடு, கட்டணம் கட்டி, தனியாக அனுபவித்து வருகிறீர்கள். அதை வாதிட இடமுண்டு. அது தோற்றாலும் ஆடு உங்கள் சொத்து, உடம்பு உங்கள் உடம்பு. கவனக்குறைவு வழக்குக்கு நிலப்பட்டா தேவையில்லை. டிஓஎல் ஒவ்வொரு டிசம்பர் 31-லும் முடியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இந்த ஆண்டு புதுப்பித்த ரசீது இல்லாமல் என்னிடமோ வேறு வக்கீலிடமோ வந்தால், முதலில் நில அலுவலகத்துக்குத்தான் அனுப்புவோம்.

காலக்கெடு மிக முக்கியம். சாதாரணமாக ஆறு ஆண்டு. ஆனால் கவுன்சிலையும் சேர்த்தால் 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதத்தோடு கதவை மூடிவிடும். சேதம் தொடர்ந்தால் அது நின்றதிலிருந்து கணக்கு என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஆடு செத்தது ஒரு குறிப்பிட்ட வாரத்தில். போன நவம்பரிலிருந்தே எண்ணுங்கள். கம்பெனியும் அதே பாதுகாப்பைக் கேட்கலாம், அதனால் எல்லாருக்கும் 36 மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘பேசித் தீர்க்கலாம்’ என்று அவர்கள் இழுத்தடிக்கும் மாதங்களும் இந்தக் கணக்கில்தான் ஓடும்.

கானின் கரையில் வேறு குடும்பங்களும் இருந்தால், ஒருவர் எல்லார் சார்பிலும் வழக்காட 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் இடமுண்டு. பத்து லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கும்; தண்ணீரை நிறுத்தச் சொல்லும் தடை உத்தரவும் அங்கேயே கேட்கலாம். கூட்டாகப் போனால் நிபுணருக்கான செலவைப் பகிரலாம், நிபுணர் உங்களுக்கு வேண்டும். பக்கத்து ஈப்போவில், புக்கிட் மேரா மக்கள் கதிரியக்கக் கழிவுக்கு எதிராக 1985-இல் தொடங்கி 1992-இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993-இல் உச்சநீதிமன்றம் அதைக் கவிழ்த்தது: கம்பெனியின் நிபுணர்களையே நம்பியது, மக்கள் முதலில் உரிமம் கொடுக்கும் வாரியத்திடம் போயிருக்கவேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அதனால்தான் ஜாஸ் புகாரையும் ஆய்வுக்கூட அறிக்கையையும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செலவைப் பற்றி மறைக்கமாட்டேன். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியும் உங்கள் தலையில் விழும். ‘ஜெயித்தால் பாதி’ என்று பேரம் பேசும் வக்கீலிடம் போகாதீர்கள். நம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லை. பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் உங்கள் வருமானத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் தமிழிலேயே பேசலாம். இப்படிப்பட்ட புகார்களை அதிகாரிகளிடம் கொண்டுபோய்ப் பழகியவர்கள் அவர்கள். போகும்போது டிஓஎல் ரசீது, புகார்ப் பிரதி, வீடியோ, மகன், எல்லாவற்றையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மனைவியும் வரட்டும். கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் நிறம் மாறியது என்பது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.