ஊர்ச் சாப்பாடும் பழகாத வாடையும்: கேள்வி பதில்

நாகர்கோவில்காரி நான். குவைத்தில் 12 வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குளச்சல் தம்பி, ரியாத்திலிருந்து: அக்கா, வந்து 2 மாதமாகிறது. மெஸ்ஸில் ஆட்டுக்கறி வாடை வந்தாலே குமட்டுகிறது. பல நாள் சாப்பிடாமலே வேலைக்குப் போகிறேன்.

மக்கா, வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்காதே. குப்பூஸ் ரொட்டியும் தயிருமாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

அந்த வாடை பெரும்பாலும் செம்மறிக் கொழுப்பிலிருந்து வருவது. வெள்ளாட்டுக்குப் பழகிய மூக்கு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். வெள்ளைக் கொழுப்பை ஒதுக்கிவிட்டு, எலுமிச்சை பிழிந்து, சூடு ஆறுமுன் சாப்பிடு. ஆறினால் கொழுப்பு உறைந்து அண்ணத்தில் ஒட்டும்.

எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் போனது. ஒருநாள் மச்பூஸ் என்ற குவைத் கறிச்சோற்றுக்கு லூமி உடைக்கச் சொன்னார்கள். உப்புநீரில் அவித்துக் காயவைத்த எலுமிச்சை அது. உடைத்தால் உள்ளே கன்னங்கரேலென்று இருக்கும். முகர்ந்தேன், அம்மா பரணில் வைத்திருந்த கொடம்புளிப் பானை கண்முன் வந்துவிட்டது. அன்று ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். உங்கள் சவூதிக் கறிச்சோறான கப்ஸாவிலும் லூமி போடுவார்கள், தேடிப் பார்.

கருங்கல் தங்கை, ஜெர்மனியிலிருந்து: மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கனவில் வருகின்றன அக்கா.

கிழங்கு ஆப்பிரிக்கக் கடைகளில் கசாவா என்ற பெயரில் கிடைக்கும். தோல் சீவி உறையவைத்தது நல்லது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துவிடு. குழம்புக்கு, உறையவைத்த தேங்காய்த்துருவலைக் குளிர் போகும்வரை வெளியே வைத்து, மல்லி, வத்தல், மஞ்சள், சின்ன உள்ளியோடு மைபோல அரை. அரைப்பு திப்பிதிப்பியாக இருந்தால் அது நம்மூர்க் குழம்பே கிடையாது.

தக்கலைத் தம்பி, கனடாவிலிருந்து: நெத்திலிக் கருவாடு வறுத்ததற்கு அறைத் தோழர் சண்டைக்கு வந்துவிட்டார்.

கோபப்படாதே. சீஸ் வாடை நமக்கு எப்படியோ, கருவாடு அவருக்கு அப்படி. வறுக்காமல் குழம்பாக வை. வெந்நீரில் கழுவி, கொஞ்ச நேரம் புளித்தண்ணீரில் போட்டு எடு. மீன் வாடைக்குக் காரணமான அமீன் என்ற வேதிப்பொருளைப் புளிப்பு கட்டிப்போடும். குளிர்கோட்டை மட்டும் அடுக்களைப் பக்கம் தொங்கவிடாதே, துணியில் ஏறினால் லேசில் போகாது.

துபாய் போகும் ஒருவர்: கசகசா கொண்டுபோகலாமா?

கூடவே கூடாது. அமீரகத்திலும் சவூதியிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் இருக்க வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய்: தங்கச்சி, லண்டனில் இருக்கும் மகளுக்கு நம்மூர் மட்டி வாழைப்பழம் கொடுத்தனுப்ப ஆசை.

அக்கா, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்தான், ஆனாலும் வழியிலேயே குழைந்துபோகும். முந்திரிக்கொத்து சுட்டு அனுப்புங்கள். பயறையும் தேங்காயையும் நன்றாகச் சிவக்க வறுத்து, கருப்பட்டிப்பாகு ஊற்றி உருட்டுங்கள். தேங்காயில் ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும். சுட்டதும் நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடையுங்கள்.