மாமியாரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

வாசகர் கேள்விகளுக்கு, சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

மாமியாருக்கு நுரையீரல் காசநோய். எங்களுடையது ஒற்றை அறை வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியத்தில் சேர்த்துவிடச் சொல்கிறார் நாத்தனார். என்ன செய்வது?
– வாசகி, வியாசர்பாடி

தாராளமாக வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் அம்மா. நாத்தனார் மேல் வருத்தம் வேண்டாம். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு இருந்தால்தான் காசம் குணமாகும் என்று நம்பினார்கள். நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். 1956-ல் சேத்துப்பட்டில் எங்கள் நிறுவனம் தொடங்கியதே இதற்கு வழி காணத்தான்.

பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் முதல் ஆய்வு நடந்தது. 200-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். வீடு என்றால் உங்களுடையதைப் போல நெருக்கடியான வீடுகள்தான். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வும் குறைவு. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்களா என்று, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குணமானதில் பெரிய வித்தியாசமே இல்லை!

அதைவிட முக்கியமானது உங்கள் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. குடும்பத்தாரையும் அவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் கூடுதலாக யாருக்கும் நோய் வரவில்லை. தொற்றுவது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்புதான். இந்த ஊரின் ஏழை ஜனங்கள் உலகத்துக்கே கொடுத்த பதில் இது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது அவர் வாயை மூடிக்கொள்ளட்டும். தட்டு, டம்ளரால் இது பரவாது, அவருக்குத் தனித் தட்டு வைத்து மனசை நோகடிக்காதீர்கள். பிள்ளைகளை உடனே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தருவார்கள். சாப்பாட்டையும் கவனியுங்கள். ஜார்க்கண்டில் நோயாளி வீடுகளுக்கு மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்து எங்கள் நிறுவனமும் பங்கேற்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்த குடும்பங்களில், புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மாமியார் ரத்தம் கக்கினாலோ மூச்சுத் திணறினாலோ மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மகனின் சளியில் கிருமி இருப்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு கல்ச்சர், அதற்கு ஏன் இத்தனை வாரம்?
– வாசகர், கொளத்தூர்

கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். செத்த கிருமியா, உயிருள்ளதா என்று அதற்குத் தெரியாது. எந்தெந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் முழுக்கச் சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதுதான் கல்ச்சர்.

கிருமிக்குத் தீனியாக முட்டை கலந்து செய்த பச்சை நிற ஊடகத்தைக் கண்ணாடிக் குப்பியில் சாய்வாக உறையவைத்து, அதன் மேல் சுத்திகரித்த சளியை இடுவோம். பல கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசக் கிருமிக்கு முக்கால் நாள் போல ஆகும். வாரக்கணக்கில் குப்பியைப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒருநாள் ரொட்டித் தூளைத் தூவியது போல வெளிர் மஞ்சளாய்ச் சொரசொரவென்று முளைத்திருக்கும். எட்டு வாரம் ஒன்றுமே வராவிட்டால்தான் 'இல்லை' என்று எழுதுவோம். அதுவரை, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

புது மருந்து ஆய்வில் சேரக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவொற்றியூர்

பயம் நியாயமானது. அங்கேயே அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கிப் போய், நாலு பேரிடம் காட்டிப் படியுங்கள். பக்க விளைவு வந்தால் யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வழக்கமான சிகிச்சை கிடைத்தே ஆக வேண்டும். பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் அந்த எண்ணுக்கே பேசுங்கள்.